கழலைக்கு எந்த ஊர்?

உங்கள் வீட்டுச் சமையலறையில் மூன்று விசில் அடித்துவிட்டுச் சாதுவாக உட்கார்ந்திருக்கும் பிரஷர் குக்கருக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. கேன்சர் எந்த வகை என்று கண்டுபிடிக்க உதவுவது. சிரிக்காதீர்கள். பல பெத்தாலஜி லேப்களில் சாட்சாத் இதே குக்கர், இதே வெயிட், இதே ரப்பர் கேஸ்கெட்டுடன் மேஜை மேல் வீற்றிருக்கிறது. உள்ளே பருப்புக்குப் பதில் கண்ணாடி ஸ்லைடுகள். தண்ணீருக்குப் பதில் சிட்ரேட் கரைசல். எலுமிச்சைப் புளிப்பின் தாயாதி. மற்றபடி ஆவி, விசில் எல்லாம் நம் வீட்டு சம்பிரதாயம்தான்.

இந்தச் சமையலின் பெயர் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி. ஒரே மூச்சில் தடுக்காமல் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு ஸ்பெஷல் டீ. டாக்டர்களே முழுசாகச் சொல்வதில்லை, ஐ.ஹெச்.சி. என்று சுருக்கிவிடுகிறார்கள். நான் பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டி எனக்கும் விஞ்ஞானத்துக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இருந்தும் இந்த கூட்ஸ் வண்டி நீள வார்த்தை என் வாயில் சரளமாக வருகிறது என்றால், அதற்குக் காரணம் கும்பகோணத்துச் சித்தப்பா.

சித்தப்பா கூட்டுறவு சொசைட்டியில் செக்ரட்டரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். வயது 62. ஒரு நாள் ஷேவ் செய்துகொள்ளும்போது இடது கழுத்தில் கோலிக்குண்டு சைஸில் ஒன்று தட்டுப்பட்டது. வலி இல்லை. காய்ச்சல் இல்லை. "வலிக்காத வரைக்கும் நல்லதுதானே?" என்று விட்டுவிட்டார். (வலிக்காத கட்டியைத்தான் டாக்டர்கள் அதிகம் சந்தேகப்படுகிறார்கள்.) சித்தி பற்றுப் போட்டுப் பார்த்தார். ஒன்றரை மாதத்தில் கோலிக்குண்டு எலுமிச்சம்பழமாகிவிட்டது.

தெரு முனை டாக்டர், "நம்ம ஊர்ல கழுத்துல கட்டின்னா முதல்ல டி.பி.யைத்தான் நினைக்கணும். ஆனா வெட்டிப் பார்த்துடறது நல்லது" என்று ஒரு நர்சிங் ஹோமுக்கு அனுப்பினார். நர்சிங் ஹோமின் பெயர் வேண்டாம். அங்கே சனிக்கிழமை சாயந்திரம் கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்தார்கள். அதை ஃபார்மலினில் போட வேண்டும். கைக்கு எட்டிய தூரத்தில் ஃபார்மலின் இல்லையோ என்னவோ, ஒரு புண்ணியவான் சலைன் தண்ணீரில் போட்டு மூடி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை லீவில் போய்விட்டான். திங்கட்கிழமை லேபுக்குப் போனபோது சதை ஊசிப்போயிருந்தது. ஊறப்போட்டு மறந்த உளுந்து என்ன ஆகும்? அதேதான். 'திசு சிதைந்துவிட்டது, கருத்துச் சொல்ல இயலாது, மறுபடியும் பயாப்சி எடுக்கவும்' என்று ரிப்போர்ட் வந்தது.

சலைன் தண்ணீருக்கும் ஃபார்மலினுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறீர்களா? உடம்பிலிருந்து வெட்டிய அடுத்த நிமிஷத்திலிருந்தே சதை தன்னைத்தானே தின்ன ஆரம்பிக்கிறது. ஃபார்மலின் அதை நிறுத்துகிறது. உள்ளே இருக்கும் புரோட்டீன்களை ஒன்றோடொன்று கோத்துக் கட்டி, இருந்தது இருந்தபடி உறைய வைக்கிறது. கட்டியைவிடப் பத்து மடங்காவது ஃபார்மலின் இருக்க வேண்டும் என்பது கணக்கு. சாம்பார் மாதிரி இருக்கக் கூடாது, ரசம் மாதிரி இருக்க வேண்டும்! மார்பகக் கட்டிக்கு இன்னும் கறார். வெட்டி ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும். அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊற வேண்டும்.

பத்து நாள் கழித்து, வேறு ஆஸ்பத்திரியில், இரண்டாம் முறை வெட்டினார்கள். "ஒரே கழுத்துல ரெண்டு தடவை வெட்டுப்பட்டும் உயிரோட இருக்கிறவன் இந்தத் தெருவுல நான் ஒருத்தன்தாண்டா" என்று போனில் சிரித்தார் சித்தப்பா. சித்தி பின்னால் அழுதுகொண்டிருந்தது போனில் கேட்டது.

இந்த முறை ரிப்போர்ட் உருப்படியாக வந்தது. ஆனால் பாதிதான். கேன்சர் என்பது நிச்சயம். எதன் கேன்சர் என்பது நிச்சயமில்லை. நெறிக்கட்டியிலேயே பிறந்த லிம்ஃபோமாவாக இருக்கலாம். தொண்டையிலிருந்தோ நுரையீரலிலிருந்தோ வந்து குடியேறிய கார்சினோமாவாக இருக்கலாம். மெலனோமா என்கிற தோல் கறுப்புச் செல் கேன்சரையும் தள்ளிவிட முடியாது. ஐ.ஹெச்.சி. செய்து பார்க்கவும்.

"என்னடா இது? திருடன் வீட்டுக்குள்ள வந்துட்டான், ஆனா யார்னு தெரியலைன்னு எஃப்.ஐ.ஆர். எழுதின மாதிரி இருக்கு" என்றார் சித்தப்பா.

"கேன்சர்னு தெரிஞ்சாச்சு இல்லே, ட்ரீட்மென்ட்டை ஆரம்பிக்க வேண்டியதுதானே?" என்று குடும்பத்தில் ஆளாளுக்குக் கேட்டார்கள். அங்கேதான் விஷயமே. லிம்ஃபோமா என்றால் கத்திக்கு வேலை இல்லை. மருந்துதான், அதுவும் நல்லபடியாகக் கேட்கிற மருந்து. தொண்டையிலிருந்து வந்தது என்றால் ஆபரேஷன், கரண்ட் என்று வேறு ரூட். நுரையீரல் என்றால் இன்னொரு ரூட். மெலனோமா என்றால் கதையே வேறு. மைக்ராஸ்கோப்பில் பார்க்க எல்லாம் அச்சாக ஒன்று போலவே இருக்கின்றன. விலாசம் தெரியாமல் கொரியர் அனுப்புவது போல கீமோதெரபி கொடுக்க முடியாது.

ஏன் ஒன்று போல இருக்கின்றன? சாதாரணமாக பயாப்சியில் இரண்டு சாயம் போட்டுப் பார்ப்பார்கள். ஹிமட்டாக்ஸிலின், இயோசின். முதலாவது, மத்திய அமெரிக்காவில் விளையும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து எடுப்பது. செல்லின் நியூக்ளியஸ் நீலமாகத் தெரியும், மற்றதெல்லாம் ரோஸ். நூறு வருஷத்துக்கு மேலாக இந்த நீலம், ரோஸை வைத்துக்கொண்டே நம் பெத்தாலஜிஸ்டுகள் பெரும்பாலான கேஸ்களைத் தீர்த்துவிடுகிறார்கள். அதுவே பெரிய வித்தை. ஆனால் கேன்சர் முற்ற முற்ற, செல் தன் பழைய அடையாளத்தை எல்லாம் உதிர்த்துவிடுகிறது. தோல் செல் தோல் செல் மாதிரி இருக்காது, ரத்த செல் ரத்த செல் மாதிரி இருக்காது. எல்லாம் உருண்டையாக, முரட்டுத்தனமாக, ஒரே யூனிஃபார்மில் நிற்கும்.

சென்னையில் உங்கள் ஆபீஸுக்குப் புதிதாக ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேன்ட், ஷர்ட், கழுத்தில் ஐ.டி. கார்டு. எந்த ஊர் என்று தெரியவில்லை. ஆனால் போனில் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசட்டும். "ஏனுங்க" என்றால் கோயமுத்தூர்ப் பக்கம். "ஏலே" என்றால் திருநெல்வேலிப் பக்கம். எத்தனை நாள் மெட்ராஸில் இருந்தாலும் அந்த ஒரு வார்த்தை போகாது. கேன்சர் செல்லும் அப்படித்தான். தோற்றத்தை மாற்றிக்கொண்டாலும், பிறந்த இடத்தின் புரோட்டீன் ஒன்றிரண்டை உள்ளே வைத்துக்கொண்டிருக்கும். தோல், குடல், நுரையீரல் உள்சுவர் வகையறாவில் பிறந்தது என்றால் சைட்டோகெரட்டின் (நம் நகம், முடியில் இருக்கிறதே கெரட்டின், அதன் குடும்பம்). தசையில் பிறந்தது என்றால் டெஸ்மின். வெள்ளை அணு என்றால் சி.டி. 45. புராஸ்டேட் என்றால் பி.எஸ்.ஏ. அந்த ஒரு வார்த்தையை ஒட்டுக் கேட்பதுதான் ஐ.ஹெச்.சி.

ஒட்டுக் கேட்பது யார்? ஆன்டிபாடி. நம் உடம்பில் கிருமி நுழைந்தால் அந்தக் கிருமிக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு புரோட்டீன் உண்டாகிறதே, அதே ஆசாமி. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. ஹார்வர்டில் இருந்த ஆல்பர்ட் கூன்ஸ் என்கிற டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. சாவி போய்ப் பூட்டில் உட்கார்வது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சாவியின் வாலில் ஒரு விளக்கைக் கட்டி அனுப்பினால் என்ன? 1941-ல் கட்டினார். நிமோனியாக் கிருமியின் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தை ஒட்டி, எலியின் சதையில் கிருமியின் சரக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று அல்ட்ரா வயலட் வெளிச்சத்தில் பார்த்துவிட்டார்.

ஆனால் அந்த விளக்குக்கு இருட்டு ரூமும் தனி மைக்ராஸ்கோப்பும் வேண்டியிருந்தது. 1966-ல் நகானே, பியர்ஸ் என்ற இருவர் விளக்குக்குப் பதில் ஒரு என்ஸைமைக் கட்டினார்கள். ஹார்ஸ்ராடிஷ் பெராக்ஸிடேஸ். ஹார்ஸ்ராடிஷ் என்பது கடுகு வகையறாவைச் சேர்ந்த, மூக்கைப் பிய்க்கும் காரமுள்ள ஒரு சீமைக் கிழங்கு. (வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்கு வந்தபோது அது கிடைக்காமல் நம் முருங்கை வேரைத் துருவித் தின்று ஆறுதல் பட்டார்கள். அதனால்தான் முருங்கைக்கு இங்கிலீஷில் 'ஹார்ஸ்ராடிஷ் ட்ரீ' என்று இன்னொரு பெயர். இந்த என்ஸைம் மட்டும் ஒரிஜினல் கிழங்கிலிருந்து வருவது.) இந்த என்ஸைமுக்கு டி.ஏ.பி. என்கிற ரசாயனத்தைக் கொடுத்தால் அந்த இடத்தில் பில்டர் காபி டிகாக்ஷன் மாதிரி பிரவுன் கறை படியும். சாதா மைக்ராஸ்கோப்பிலேயே பளிச்சென்று தெரியும். 1974-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கிளைவ் டெய்லர் கோஷ்டி, ஃபார்மலினில் ஊறி மெழுகில் புதைந்த சாதாரண பயாப்சியிலேயே இதைச் செய்துகாட்டியது.

அடுத்த வருஷம்தான் பெரிய வெடி. அதுவரை ஆன்டிபாடி வேண்டுமென்றால் முயலுக்கு ஊசி போட்டு அதன் ரத்தத்திலிருந்து எடுக்க வேண்டும். இந்த முயலின் சரக்கு மாதிரி அடுத்த முயலின் சரக்கு இருக்காது. மாமியார் வைத்த வத்தக்குழம்பும் மருமகள் வைத்ததும் போல. 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் இருவரும் எலியின் ஆன்டிபாடி செல்லை எடுத்து, சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும் ஒரு கேன்சர் செல்லோடு கல்யாணம் செய்துவைத்தார்கள். பிறந்த குழந்தை ஒரே ஒரு ஆன்டிபாடியை, ஒரே பக்குவத்தில், வருஷக்கணக்காகச் சுரந்துகொண்டே இருந்தது. கேன்சரைப் பிடிக்கக் கேன்சர் செல்லையே வேலைக்கு வைத்தாயிற்று! இதற்குப் பேடன்ட் எடுக்கப்படவில்லை. 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது. பேடன்ட் எடுத்திருந்தால் என்ன ராயல்டி வந்திருக்கும் என்று பி.காம். மூளை கணக்குப் போட ஆரம்பித்து, பூஜ்யங்கள் அதிகமானதால் நிறுத்திக்கொண்டது.

இப்போது குக்கருக்கு வருவோம். ஃபார்மலின் புரோட்டீன்களைக் கோத்துக் கட்டுகிறது என்றேன் அல்லவா? அந்தக் கட்டில் பூட்டே மூடிக்கொண்டுவிடுகிறது. சாவி நுழைய வழியில்லை. பல ஆன்டிபாடிகள் மெழுகு பயாப்சியில் வேலை செய்யாமல் மக்கர் பண்ணியதற்கு அதுதான் காரணம். ஷான்-ராங் ஷி என்கிற விஞ்ஞானி, ஃபார்மலின் போட்ட கட்டைக் கடும் சூட்டில் அவிழ்க்க முடியும் என்று 1940-களில் வந்து தூசி படிந்து கிடந்த கட்டுரைகளைத் தேடிப் படித்தார். 1991-ல் ஸ்லைடை மைக்ரோவேவ் அவனில் வைத்துக் கொதிக்கவிட்டார். பூட்டு திறந்துகொண்டது! உலகமெங்கும் பெத்தாலஜிஸ்டுகள் சமையலில் இறங்கினார்கள். 1994-ல் பிரஷர் குக்கரிலும் செய்யலாம், சூடு இன்னும் சீராக இருக்கிறது என்று லண்டனிலிருந்து கட்டுரை வந்தது. நம் ஊர் மாமிகளைக் கேட்டிருந்தால் முன்னாடியே சொல்லியிருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் மெழுகு பிளாக்கை என் கையில் கொடுத்தார்கள். கட்டைவிரல் நுனி அளவு பிளாஸ்டிக் சட்டத்தில் வெள்ளை மெழுகு. நடுவில் பொட்டு மாதிரி பழுப்பாகச் சித்தப்பாவின் கட்டி. "சென்னையில லேப்ல குடுங்க. சூடு படாமப் பார்த்துக்குங்க, உருகிடும்" என்றார் அங்கே இருந்த பையன். இந்த மெழுகு அறுபது டிகிரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே உருகுகிற ஜாதி. மே மாதம். பஸ்ஸில் எனக்கு வாய்த்தது என்ஜின் பெட்டிக்குப் பக்கத்து ஸீட். கண்டக்டரைக் கெஞ்சிப் பின்னால் மாறி, பிளாக்கைச் சட்டைப் பையில் வைக்காமல், தண்ணி பாட்டிலோடு பையில் வைத்துக்கொண்டு, சென்னை வரை தூங்காமல் வந்தேன். ஒருத்தரின் தலையெழுத்து ஒரு ரப்பர் துண்டு சைஸில் மடியில் இருக்கும்போது தூக்கம் வராது.

சென்னை லேபில் ஒரு லேடி டாக்டர். பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிந்ததும், "வாங்க, நீங்களே பாருங்க. தப்பாப் புரிஞ்சுக்கிட்டு எதையாவது எழுதிடாதீங்க" என்று உள்ளே கூட்டிப் போனார். மெழுகை அப்பளத்தைவிட மெல்லிசாகச் சீவுகிறார்கள். அப்பளம் என்பது மரியாதைக்குச் சொன்னது; மூன்று, நான்கு மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பதினைந்தில், இருபதில் ஒரு பங்கு. வெந்நீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் லாகவமாக ஏந்தி எடுக்கிறார்கள். அப்புறம் மெழுகைக் கரைத்து, குக்கரில் ஏற்றி, ஆன்டிபாடி சொட்டு விட்டு, கழுவி, அந்த ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆன்டிபாடி, அதன் வாலில் என்ஸைம், பிரவுன் கறை, கடைசியில் கொஞ்சம் நீலம்.

"எத்தனை மார்க்கர் டாக்டர் போடணும்?" என்றேன். ஒவ்வொரு மார்க்கருக்கும் தனி பில். ஓட்டலில் தோசைக்குத் தனி, சட்னிக்குத் தனி என்று போட்டால் எப்படி இருக்கும்!

"முதல்ல மூணே மூணு. சி.டி. 45, கெரட்டின், எஸ்-100. அதுல எந்தப் பக்கம்னு தெரிஞ்சதும் மீதி. எடுத்த எடுப்பிலே இருபது போட்டா பணமும் வேஸ்ட், சதையும் வேஸ்ட். சின்னத் துண்டு சார், சீவச் சீவத் தீர்ந்துடும்."

எனக்கு அந்த டாக்டர் மேல் அங்கேயே மரியாதை வந்துவிட்டது. எல்லா வவுச்சரையும் கொட்டச் சொல்கிற ஆடிட்டர் பெரிய ஆடிட்டர் அல்ல. எந்த மூன்று வவுச்சரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் ஆடிட்டர்.

இன்னொன்றும் காட்டினார். ஒவ்வொரு ஸ்லைடிலும் சித்தப்பாவின் சதைக்குப் பக்கத்தில் வேறு யாருடைய டான்சில் துண்டோ உட்கார்ந்திருந்தது. சி.டி. 20 டான்சிலில் கட்டாயம் இருக்கும். அதில் பிரவுன் வந்தால்தான் சமையல் சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். டான்சிலிலும் வரவில்லை என்றால் மொத்தமும் தள்ளுபடி, மறுபடியும் அடுப்பு. "இந்தக் கன்ட்ரோல் பார்க்காம ரிப்போர்ட் குடுக்கிறது, சீரியல் நம்பர் பார்க்காம நோட்டு வாங்கற மாதிரி" என்றார். ஆன்டிபாடியே விடாமல் இன்னொரு ஸ்லைடும் உண்டு. அதில் பிரவுன் வந்தால் அது பொய்ச்சாட்சி.

நாலாம் நாள் அழைத்தார். இரட்டை மைக்ராஸ்கோப். அவர் ஒரு பக்கம், நான் எதிர்ப் பக்கம். கெரட்டின் ஸ்லைடு: வெறும் நீலம். கார்சினோமா இல்லை. எஸ்-100: நீலம். மெலனோமா இல்லை. சி.டி. 45: திரை முழுக்க, ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் மெல்லிய பிரவுன் வளையம். வரிசையாக டிகாக்ஷன் டபராக்கள் மாதிரி. "லிம்ஃபோமா" என்றார். அடுத்த ரவுண்டு ஸ்லைடுகளும் தயாராக இருந்தன. சி.டி. 3 இல்லை. சி.டி. 20 அமோகமாக இருந்தது. (பாட்டுக் கேட்கிற சி.டி. இல்லை, வெள்ளை அணுக்களின் மேற்பரப்பு அடையாளங்களுக்கு வைத்த நம்பர்.) அதாவது பி-செல். பெரிய செல்கள், பரவலாக. முழுப் பெயர் டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்ஃபோமா.

கடைசி ஸ்லைடு கி-67. பெருகிக்கொண்டிருக்கும் செல்களை மட்டும் பிரவுனாக்குவது. ஜெர்மனியில் கீல் என்ற ஊரில் கண்டுபிடித்து 1983-ல் வெளியிட்டார்கள். 'கி' அந்த ஊர்; 67 அந்த ஆன்டிபாடி வளர்ந்த குழிப் பலகையில் குழியின் நம்பர். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு லாட்ஜ் ரூம் நம்பர் மாதிரி ஒரு பெயர்! சித்தப்பாவுக்கு எண்பது சதவிகிதம்.

போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எண்பதா? எஸ்.எஸ்.எல்.சி.யில கணக்குல கூட நான் அவ்வளவு வாங்கலைடா" என்றார்.

கேன்சர் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, "வேகமா வளர்றதுதான். ஆனா இது மருந்துக்கு அடங்கற வகை" என்றார். இங்கேதான் எனக்குப் புல்லரித்த சமாசாரம். லேபில் சி.டி. 20-ஐக் கண்டுபிடிக்க ஓர் ஆன்டிபாடியை அனுப்பினார்கள் அல்லவா? அதே சி.டி. 20-ஐப் போய்ப் பிடித்துச் செல்லைக் கொல்லவும் ஓர் ஆன்டிபாடி மருந்தாகவே இருக்கிறது. ரிட்டுக்ஸிமாப். 1997-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. யானை விலை. 2007-ல் ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் அதற்கு இணையான மருந்தைத் தயாரித்து விலையைக் குறைத்தார்கள். ஸ்லைடில் பிரவுன் இல்லையென்றால் அந்த பாட்டிலைச் சித்தப்பாவுக்கு ஏற்றுவதில் பிரயோஜனமே இல்லை. கார்சினோமாவுக்கு அது வெறும் தண்ணி.

அதோடு பழைய நாலு மருந்துகளையும் சேர்த்து 21 நாளைக்கு ஒரு தடவை, ஆறு தடவை. முதல் பாட்டில் ஏறும்போது குளிர் நடுக்கம் தூக்கிப் போட்டது. நாலு மருந்தில் ஒன்று ரோஸ்மில்க் கலர். மறுநாள் சிறுநீரும் அதே கலரில் வந்து சித்தியைக் கலங்கடித்தது. முடி கொட்டியது. இந்த வகை லிம்ஃபோமாவில் இந்த வைத்தியத்தால் பத்தில் ஆறு பேர் அளவுக்கு அடியோடு குணமாகிறார்கள் என்று டாக்டர் சொன்னதை, சித்தப்பா 'அறுபது பர்சென்ட், ஃபர்ஸ்ட் கிளாஸ்' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மீதி நாலு பேரைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. ஆறும் முடிந்து எடுத்த பெட் ஸ்கேனில் கழுத்து சுத்தம். இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. தலையில் முடி முன்னைவிடச் சுருளாக வந்திருக்கிறது.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. கட்டி எல்லாம் சித்தப்பாக்களுக்கு வருவது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பில் கட்டி என்று ஒரு ரிப்போர்ட் உங்கள் கையில் வந்து விழலாம். வீட்டில் இங்கிலீஷ் படிக்கிறவன் என்று உங்களிடம்தான் நீட்டுவார்கள். அதில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று வரி இருக்கும். மூன்றும் ஐ.ஹெச்.சி.தான். ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் ஹார்மோன் வாசல்கள். நூற்றுக்கு ஒரு செல் நியூக்ளியஸில் பிரவுன் வந்தாலே பாசிட்டிவ் கணக்கு. பாசிட்டிவ் என்றதும் பதறக் கூடாது. இங்கே அது நல்ல செய்தி. டமாக்ஸிஃபென் மாதிரி மாத்திரைகள் வேலை செய்ய இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஹெர்-2-வுக்கு மார்க் போடுவார்கள். 0, 1+ என்றால் நெகட்டிவ். 3+ என்றால் பாசிட்டிவ். அதற்கு 1998-ல் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் இருக்கிறது. 2+ என்றால் ரெண்டுங்கெட்டான். அப்போது ஃபிஷ் என்று இன்னொரு டெஸ்ட் செய்து ஜீனையே எண்ணிப் பார்க்க வேண்டும். (கருவாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) 2+ என்று வந்து, ஃபிஷ் செய்யாமல் யாராவது வைத்தியத்தை ஆரம்பித்தால், தைரியமாக "ஃபிஷ் பார்க்க வேண்டாமா டாக்டர்?" என்று கேளுங்கள். 1+, 2+ ஆசாமிகளையும் இப்போது சும்மா தள்ளுவதில்லை. நோய் பரவிய நிலையில் அவர்களுக்கும் வேலை செய்யும் ஒரு மருந்துக்கு 2022-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது.

பிரவுன் வந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆனாலே கணக்கு சரி என்று சொல்கிறவன் பரீட்சையில் ஃபெயில். எஸ்-100 மெலனோமாவிலும் வரும், நரம்புக் கட்டியிலும் வரும். சில கேன்சர்கள் ஊர்ப் பேச்சையே மறந்துவிட்டு எந்த மார்க்கருக்கும் வாய் திறப்பதில்லை. சில, அடுத்த ஊர்ப் பேச்சை மிமிக்ரி செய்கின்றன. நீலம், ரோஸ் ஸ்லைடில் என்ன தெரிந்தது என்பதோடு சேர்த்துப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். மெஷின் சாயம் போடும். கையெழுத்துப் போட ஆள் வேண்டும்.

கேன்சர் இல்லாத வியாதிகளிலும் இதே குடும்பத்து வித்தை உதவுகிறது. தோல் கொப்புளம் கொப்புளமாக வருகிற பெம்ஃபிகஸில், தோல் செல்களின் இடுக்குகளில் ஆன்டிபாடி மீன்வலை மாதிரி படிந்திருப்பது கூன்ஸின் அந்தப் பழைய விளக்கு முறையில் பளிச்சென்று தெரியும். கிட்னி பயாப்சியிலும் இது உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: அதற்கு அனுப்பும் துண்டை ஃபார்மலினில் போடவே கூடாது! அதற்கென்று தனித் திரவம் உண்டு. ஆக, எந்தத் துண்டு எந்த பாட்டிலுக்கு என்று வெட்டுவதற்கு முன்பே லேபில் கேட்டுக்கொள்வது உத்தமம். கேட்டால் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் வேறு இடம் பாருங்கள்.

லேபில் வேலை முடிந்ததும் பிளாக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். "தூக்கிப் போட்டுடாதீங்க. மெழுகுல இருக்கிற வரைக்கும் வருஷக்கணக்கா கெடாது. நாளைக்குப் புது மார்க்கர் வந்தா, மறுபடியும் வெட்டாம இதுலயே சீவிப் பார்த்துக்கலாம்" என்றார் டாக்டர். சித்தி அதை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, இரும்பு பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்கும் கல்யாணப் புடவைக்கும் நடுவில் வைத்திருக்கிறார். போன வாரம் போன் செய்தார். பீரோவில் அந்துருண்டை போடலாமா, அதனால் சித்தப்பாவின் பிளாக்குக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று கேட்டார். நான் டாக்டரைக் கேட்டேன். டப்பா மூடியிருந்தால் ஒன்றும் ஆகாதாம். வெயிலில் மட்டும் வைக்க வேண்டாம் என்றார்.